உயரத்தைக் கண்டு அஞ்சுவோர் கேபிலானோ தொங்குபாலத்தைக் கடப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் நகரத்தின் எதிர்க்கரையான வடக்கு வான்கூவரில், கேபிலானோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். ஆற்றிலிருந்து உயரம் ஏறத்தாழ 70 மீட்டர். வான்கூவரில் உள்ள உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களைத் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால், மாடிச் சுவரோரம் நின்றாலே உள்ளங்கை வியர்க்கிறவர்களும் இங்கே வந்து சேர்கிறார்கள். அவர்களில் சிலர் நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகு இக்கரையிலேயே அமர்ந்துவிடுகிறார்கள். சிலர் குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டு, அந்த நாள் முழுவதையும் கலக்கத்தோடு கழிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. உயர அச்சத்தை மன உறுதியின் குறைபாடாகக் கருதாமல், கண்ணுக்கும் காலுக்கும் பிடிமானம் இல்லாமல் போவதால் உடல் எழுப்பும் எச்சரிக்கையாகக் கருதினால், பயணத்தை அதற்கேற்ற வரிசையில் அமைத்துக்கொள்ள முடியும்.

திட்டமிடத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: இந்தப் பாலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும். அக்கரையில் உள்ள காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கும் பார்வையாளர்களுக்கு இதே பாலம்தான். போவதற்கு மட்டும் துணிவைத் திரட்டிக்கொண்டு வருகிறவர்கள் திரும்பும்போதுதான் தளர்ந்துபோகிறார்கள். ஆகவே இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டாவது கடப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

பாலத்தின் வரலாறும் வலிமையும்

1889-இல் ஜார்ஜ் கிராண்ட் மக்கே என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் சணல் வடங்களையும் செடார் பலகைகளையும் கொண்டு முதல் பாலத்தை அமைத்தார். ஸ்குவாமிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஆகஸ்ட் ஜாக் காட்சலானோவும் அவருடைய சகோதரரும், குதிரைகளைக் கொண்டு வடங்களை ஆற்றின் குறுக்கே இழுத்துச் செல்ல உதவினார்கள். 1903-இல் சணலுக்குப் பதிலாக இரும்புக் கம்பி வடங்கள் வந்தன. இன்று நாம் நடக்கும் பாலம் 1956-இல் முழுவதுமாகப் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் வடங்களின் முனைகள் இரு கரைகளிலும் 13 டன் கான்கிரீட்டுக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன. 2006 நவம்பரில் வீசிய பனிப்புயலின்போது, 46 டன் எடையுள்ள, 300 ஆண்டு வயதான டக்ளஸ் ஃபிர் மரம் ஒன்று பாலத்தின் மேற்கு முனையின்மீது சாய்ந்தது. அதன் பிறகு சீரமைக்கப்பட்ட பாலத்தில் மக்கள் மீண்டும் நடக்கத் தொடங்கினார்கள்.

இந்த விவரங்களை வீட்டிலேயே படித்துவிடுவது நல்லது. "அறுந்து விழுந்துவிடுமோ" என்பதுதான் உங்கள் அச்சம் என்றால், இவை பெரிய அளவில் உதவும். ஆனால் பெரும்பாலோரின் அச்சம் பாலத்தைப் பற்றியது அல்ல. தம் கால்களைப் பற்றியது. பாலம் உறுதியானது என்று நூறு முறை சொன்னாலும் கால்கள் அதைக் கேட்பதில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

உடல் ஏன் தடுமாறுகிறது

நாம் நேராக நிற்பதாக நினைக்கும்போதும் உடல் இடைவிடாமல் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உட்காதின் சமநிலை உறுப்பு, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள், கண் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஆட்டத்தைத் திருத்துகின்றன. அருகில் ஒரு சுவரோ மரமோ இருந்தால், உடல் சற்றே சாய்ந்தாலும் அந்தப் பொருள் கண்ணில் இடம் மாறுவது தெரியும். உடனே தசைகள் சரிசெய்துவிடும். உயரமான இடத்தில் கண்ணுக்கு எட்டும் நிலையான பொருள்கள் எல்லாம் தொலைவில் இருப்பதால், அதே அளவு சாய்வு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உடலின் ஆட்டம் கூடுகிறது. கண் ஒன்று சொல்ல, காதும் காலும் வேறொன்று சொல்கின்றன. அந்த முரண்பாடுதான் கிறுகிறுப்பாக வெளிப்படுகிறது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-இல் இதை விளக்கினார்கள். அச்சமே இல்லாதவருக்கும் இந்த நிலை ஏற்படும். அச்சம் உள்ளவருக்கு, இதன்மேல் கழுத்தும் கணுக்காலும் இறுகிப்போகின்றன. இறுகிய உடலால் சமநிலையை நன்றாகக் காக்க முடிவதில்லை. ஜெர்மனியில் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது உயரத்தில் இத்தகைய தொல்லையை உணர்ந்தவர்கள் 28 விழுக்காட்டினர். அப்படியானால், உங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையில் நிற்கிறவர்களிலும் பலர் இதே நிலையில் இருக்கலாம்.

தொங்குபாலத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அருகில் உள்ள கைப்பிடியும் பலகையும் உங்களோடு சேர்ந்தே ஆடுகின்றன. அசையாமல் இருப்பது அக்கரை மட்டுமே. எனவே "கீழே பார்க்காதே" என்ற வழக்கமான அறிவுரை இங்கே பாதி உதவிதான் செய்யும். எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னால்தான் அது முழுமை பெறும். எங்கே பார்ப்பது என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். உளவியலில் பலமுறை பேசப்பட்ட ஓர் ஆய்வு இதே பாலத்தில்தான் நடந்தது. 1974-இல் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரனும் வெளியிட்ட அந்த ஆய்வில், இந்தப் பாலத்தில் நடந்துகொண்டிருந்த ஆண்களைப் பெண் ஆய்வாளர் ஒருவர் சந்தித்துச் சில கேள்விகள் கேட்டு, தம் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். ஆற்றின் மேற்பகுதியில் இருந்த தாழ்வான, உறுதியான மரப்பாலத்தில் சந்தித்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களே பின்னர் அவரை அதிகமாகத் தொலைபேசியில் அழைத்தார்கள். உயரம் எழுப்பிய படபடப்பை அவர்கள் ஈர்ப்பு என்று எண்ணிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் நேரானது. நெஞ்சு படபடப்பது ஆபத்துக்கான சான்று அல்ல. அந்தப் படபடப்புக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதில் உங்களுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

முதல் படி: சில வாரங்களுக்கு முன்பே பழகத் தொடங்குதல்

அச்சம் தரும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழகும் முறையை 1950-களில் ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் ஒழுங்குபடுத்தினார். இன்றைய சிகிச்சைகளிலும் அதன் சாரம் நீடிக்கிறது. ஒரு தாளில் உங்களுக்கு எளிதானதிலிருந்து கடினமானது வரை ஏழெட்டு உயரங்களை எழுதுங்கள்: வீட்டின் முதல் மாடி, சாலையைக் கடக்கும் நடைமேம்பாலம், வணிக வளாகத்தின் மேல்தளக் கைப்பிடி, கண்ணாடிச் சுவர் கொண்ட லிஃப்ட் என்று அவை இருக்கலாம். ஒவ்வொன்றின் எதிரிலும் அச்சத்தின் அளவை 0 முதல் 100 வரை மதிப்பிடுங்கள். 30 அல்லது 40 மதிப்புள்ள இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் அவசரமாக ஓடிவிடாமல் நின்று பழகி, பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

ஏறுமுன் உங்கள் மனம் சொல்லும் கணிப்பை அப்படியே எழுதிவைப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி என்பது என் கருத்து. "கால் மடங்கி விழுந்துவிடுவேன்", "மயங்கிவிடுவேன்", "என்னை அறியாமல் குதித்துவிடுவேன்" என எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இறங்கி வந்த பிறகு உண்மையில் என்ன நடந்தது என்பதை அதன் கீழே குறியுங்கள். அச்சம் குறைந்ததா என்பதைவிட, கணிப்பு பொய்த்ததா என்பதே மனத்தில் ஆழமாகப் பதிகிறது. மயக்கத்தைப் பற்றி ஒரு செய்தி: ரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வருவது உண்டு, உயர அச்சத்தில் பொதுவாக இதயத்துடிப்பும் அழுத்தமும் ஏறுவதால், மயங்கி விழுவது அரிது.

காதுக் கோளாறால் வரும் தலைசுற்றல், வலிப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை உள்ளவர்கள் இந்தப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் முன்னர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாடிப்படி ஏறவே முடியாத அளவுக்கு அச்சம் வாழ்க்கையைக் கட்டிப்போட்டிருந்தால், தனியாகப் போராடுவதைவிட உளவியலாளரின் உதவியோடு பழகுவதே நல்லது.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

கூட்டம்தான் இங்கே முதல் எதிரி. ஆட்கள் கூடக்கூடப் பாலம் அதிகமாக ஆடும். எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டியிருக்கும். படம் எடுப்பதற்காக நடுவில் நிற்கிறவர்களால் நீங்களும் நிற்க நேரும். கோடை விடுமுறையின் பகல் வேளைகளைத் தவிர்த்து, வாரநாளில், பாலம் அமைந்துள்ள பூங்கா திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மழை மிகுதி, பலகைகள் நனைந்திருக்கும். குளிர்காலத்தில் பாலத்தையும் மரங்களையும் விளக்குகளால் அலங்கரிக்கிறார்கள். இருட்டில் ஆழம் தெரியாததால் சிலருக்கு அது எளிதாக இருக்கலாம். எனினும் கண்ணுக்குக் கிடைக்கும் பிடிமானமும் அப்போது குறைவதால், முதல் வருகைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வான்கூவர் நகர மையத்தில் உள்ள கனடா பிளேஸிலிருந்து பூங்காவின் இலவசப் பேருந்து செல்கிறது. வாட்டர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து சீபஸ் படகில் 12 நிமிடத்தில் லான்ஸ்டேல் கீ படகுத்துறைக்குச் சென்று, அங்கிருந்து 236-ஆம் எண் பேருந்திலும் போகலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு நாள் கட்டணத்திலேயே ஆண்டு முழுவதற்குமான அனுமதி தரும் வழக்கம் இருந்துவருகிறது. அங்கே வசிப்பவர்கள் சீட்டு வாங்கும்போது அதைக் கேட்டுப் பெறுங்கள். பலமுறை வந்து பழக வேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள சலுகை இல்லை.

மூன்றாம் படி: உடையும் உணவும் மருந்தும்

குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி வழுக்காத காலணி வேண்டும். செருப்பு நழுவுகிறதா என்று ஒவ்வோர் அடியிலும் எண்ண நேர்ந்தால், பாதத்திலிருந்து மூளைக்குப் போகும் செய்தி குழம்பிவிடும். புடவையோ வேட்டியோ உடுத்துகிறவர்கள் கீழ்விளிம்பு காலில் சிக்காத உயரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலை வரக் கூடாது. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது பலகைகள் மங்கலாகவும் வளைந்தும் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி இருந்தால் அதை அணிந்துகொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். காலையில் இரண்டு மூன்று முறை காப்பி குடித்துவிட்டும் போக வேண்டாம். அச்சத்தைத் தணிக்க மதுவோ, வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையோ எடுப்பது மிகவும் தவறு. இரண்டும் சமநிலையைக் கெடுப்பவை. பயணக் குமட்டலுக்கான மாத்திரைகளில் பலவும் மந்தத்தை உண்டாக்கும்.

நான்காம் படி: லின் பள்ளத்தாக்கில் ஒத்திகை

இந்தப் பயணத்துக்கு இரண்டு நாள்கள் ஒதுக்க முடிந்தால், முதல் நாளை லின் கேன்யன் பூங்காவுக்குக் கொடுங்கள். அதுவும் வடக்கு வான்கூவரில்தான் இருக்கிறது. அங்கே 1912-இல் திறக்கப்பட்ட ஒரு தொங்குபாலம், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது; நுழைவுக் கட்டணம் கிடையாது. கேபிலானோவைவிடப் பாலம் மிகக் குட்டையானது என்பதால் அக்கரை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் குறுகலானது, நன்றாக ஆடவும் செய்யும். பணம் கொடுத்துவிட்டோமே என்ற நெருக்கடி இல்லாததால், பத்து அடி போய்த் திரும்பலாம். மறுபடி இருபது அடி போகலாம். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதை விரும்பும் வரை பார்க்கலாம். ஆடும் பலகையில் முழங்கால் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உடல் அறிந்துகொள்ள இதுபோன்ற இடம் வேறில்லை.

ஐந்தாம் படி: உடன் வருகிறவர்களோடு பேசிவைத்தல்

பாலத்துக்குப் போகுமுன், வீட்டிலேயே இதைப் பேசிவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பின்னாலிருந்து பாலத்தை ஆட்டி விளையாடக் கூடாது, கேட்காமல் வீடியோ எடுக்கக் கூடாது, குழந்தைகள் முன்னிலையில் "இதுக்குப் போயா பயம்?" என்று கேட்கக் கூடாது. குறிப்பாக வயதில் மூத்தவர்கள், பேரப்பிள்ளைகள் முன்னால் அச்சத்தை ஒப்புக்கொள்ளத் தயங்கி, முடியாத நிலையிலும் நடந்துவிடுவார்கள். "அம்மா, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், நானும் கூடவே திரும்பி வருவேன்" என்று மகனோ மகளோ முன்கூட்டியே சொல்லிவிடுவது, எந்த உற்சாகப் பேச்சையும்விட மேலானது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் போக இயலாது. கைக்குழந்தை இருந்தால், அச்சம் இல்லாத ஒருவர் மார்போடு கட்டிய பையில் சுமக்கட்டும். அச்சம் உள்ளவரின் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: இக்கரையில் உடலைப் பழக்குதல்

நுழைந்தவுடன் பாலத்துக்கு விரைய வேண்டாம். 2011-இல் திறக்கப்பட்ட கிளிஃப்வாக் என்னும் நடைபாதை இக்கரையிலேயே இருக்கிறது. கருங்கல் பாறையின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 213 மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. பல இடங்களில் ஒரு பக்கம் பாறை நெருக்கமாக இருப்பதாலும், தொங்குபாலம்போல ஆடாததாலும், கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஆனால் பாறையை விட்டு அரைவட்டமாக வெளியே நீளும் பகுதியும் கண்ணாடித் தளமும் அதில் உண்டு. பாதை குறுகலானது என்பதால் நடுவில் திரும்புவதும் எளிதன்று. எனவே முதலில் நுழைவிடத்தில் நின்று பாருங்கள். ஆட்டம்தான் உங்களுக்குப் பெரிய தொல்லை என்றால் இதில் தொடங்கலாம். வெறுமையான ஆழம்தான் தொல்லை என்றால் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடவும் செய்யலாம்.

ஏழாம் படி: பாலத்தில் நடத்தல்

பாலத்தின் முகப்பில் உறுதியான தரையில் நின்று, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அச்சத்தில் வேகமாக மூச்சிழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, அதனாலேயே தலை கிறுகிறுக்கும், விரல்கள் மரத்துப்போகும். அதை உயரத்தின் விளைவு என்று தவறாக எண்ணி மேலும் அஞ்சுவோம். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருந்தால் போதும்; எண்ணிக்கை முக்கியமல்ல.

கூட்டத்தில் இடைவெளி வரும்வரை காத்திருந்து, வலப்பக்கமாக நடக்கத் தொடங்குங்கள். வடம் நடுவில் தொய்ந்திருப்பதால், தொடக்கத்தில் பாதை கீழ்நோக்கிச் சரியும். பார்வை தானாகவே பள்ளத்தை நோக்கிப் போவதும், "இழுத்துக்கொண்டு போகிறதே" என்று தோன்றுவதும் இந்தச் சரிவால்தான். நடுப்பகுதி சமமாக இருந்தாலும் ஆட்டம் கூடுதல். அதைத் தாண்டினால் பாதை மேல்நோக்கி ஏறும், அக்கரை கண்முன் உயர்ந்து வரும், பெரும்பாலோருக்கு அச்சமும் தணியும். இந்த மூன்று கட்டங்களையும் முன்பே தெரிந்துவைத்திருந்தால், தொடக்கச் சரிவின் உணர்வை வைத்து முழுப் பாலத்தையும் மதிப்பிட்டுவிட மாட்டீர்கள்.

கையை வடக் கைப்பிடியின்மேல் லேசாக வையுங்கள். 1994-இல் ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் வெளியிட்ட ஆய்வு, எடையைத் தாங்காத அளவுக்கு மெல்லிய விரல் தொடுதல்கூட உடலின் ஆட்டத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. அவர்கள் சோதித்தது அசையாத பொருளைத் தொடுவதை; இங்கே கைப்பிடியும் ஆடும் என்றாலும், பாலத்தோடு ஒப்பிட்டால் உங்கள் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கை சொல்லும். இரு கைகளாலும் இறுகப் பற்றினால், பாலத்தின் ஒவ்வொரு அசைவும் தோள்வரை ஏறும்.

முழங்காலைச் சற்று தளர்த்தி, பாதம் முழுவதும் பதியுமாறு சிற்றடிகளாக வையுங்கள். பாலம் எழும்போது காலும் எழட்டும். எதிர்த்து ஊன்ற வேண்டாம். முன்னால் போகிறவருடைய நடையின் தாளத்தோடு உங்கள் நடையைச் சேர்க்காதீர்கள். 1831-இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம், படைவீரர்கள் ஒரே தாளத்தில் அணிவகுத்ததால் இடிந்து விழுந்தது. அதன் பிறகே பாலங்களில் படையினர் நடைத் தாளத்தைக் கலைத்துக்கொண்டு செல்லும் வழக்கம் வந்தது. கேபிலானோவில் இடியும் ஆபத்து அதனால் இல்லை. ஆனால் ஒரே தாள நடை ஆட்டத்தைக் கூட்டும்.

பார்வையை இரண்டு இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்று, மூன்று நான்கு மீட்டர் முன்னால் உள்ள பலகை. மற்றொன்று, அக்கரையில் பாலம் முடியும் இடத்துக்கு அருகே நிற்கும் ஒரு குறிப்பிட்ட மரத்தின் அடிப்பகுதி. பலகை கால் வைக்கும் இடத்தைச் சொல்லும். மரம் அசையாத உலகத்தைச் சொல்லும். நகரும் மேகத்தையும் ஓடும் தண்ணீரையும் தொடர்ந்து பார்க்க வேண்டாம். கைபேசித் திரை வழியாகப் பார்த்துக்கொண்டு நடப்பது எல்லாவற்றிலும் மோசம்.

நடுவழியில் பீதி கிளம்பினால், நின்றுவிடுங்கள். கைப்பிடியைப் பற்றி, முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, காலடிப் பலகையைப் பார்த்தபடி மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகட்டும். பீதி உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்பதில்லை. சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். அது இறங்கிய பிறகே எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுங்கள். உச்சத்தில் இருக்கும்போதே திரும்பி ஓடினால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று உடல் கற்றுக்கொள்ளும்.

எட்டாம் படி: அக்கரையும் திரும்புதலும்

அக்கரையில் இறங்கியதும் உடனே சுற்றத் தொடங்காமல் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். 2004-இல் திறக்கப்பட்ட டிரீடாப்ஸ் இங்கேதான் இருக்கிறது. முதிர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு இடையே, காட்டுத்தரையிலிருந்து அதிகபட்சம் 33 மீட்டர் வரை உயரத்தில், ஏழு சிறு தொங்குபாலங்கள். மேடைகள் மரத்தில் ஆணி அறையாமல், சுற்றிலும் அழுத்திப் பிடிக்கும் வளையங்களால் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாலமும் ஓர் அடிமரத்தில் முடிவதால், சில அடிகளுக்கு ஒருமுறை கண்ணுக்கும் கைக்கும் பிடிமானம் கிடைக்கும். பெரிய பாலத்தைக் கடந்தவருக்கு இவை பெரும்பாலும் எளிதாகவே இருக்கும். ஆனால் களைத்திருந்தால் கீழே காட்டுப் பாதையில் நடப்பதே போதும். திரும்பும் பாலத்துக்கு வேண்டிய தெம்பை மிச்சம் வைப்பதுதான் இங்கே முதல் வேலை.

கூட்டம் பெருகுமுன் திரும்பிவிடுங்கள். திரும்பும்போதும் முகப்பில் நின்று மூச்சைச் சீராக்கி, அதே வரிசையில் தொடங்குங்கள். முடிந்தால், இக்கரை சேர்ந்த பிறகு சற்று ஓய்ந்து, மீண்டும் பாலத்தின் நடுப்பகுதிவரை போய் வாருங்கள். முதல் கடப்பு உங்களால் முடியும் என்று காட்டுகிறது. திரும்பத் திரும்ப நடப்பதுதான் அச்சத்தைக் குறைக்கிறது.

அன்று முகப்போடு நின்றுவிட்டாலும், எத்தனை அடி போனீர்கள், அப்போது அச்சத்தின் மதிப்பு எவ்வளவு, எழுதிவைத்த கணிப்புகளில் எவை பொய்த்தன என்பதை அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் லின் கேன்யனிலோ அருகில் உள்ள வேறு நடைமேம்பாலத்திலோ பயிற்சியைத் தொடருங்கள்; இடைவெளி நீண்டால் அச்சம் பழைய அளவுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. அடுத்த முறை கேபிலானோவுக்கு வரும்போது, சென்ற முறை நின்ற பலகைவரை முதலில் போய், அங்கிருந்து தொடங்கலாம்.